சாரல் காலத்துச் சாப்பாடு: தென்காசி, குற்றாலம் வட்டாரத்தில் எங்கே உண்பது?

ஜூன் மாதம் மலையில் மேகம் கவிந்து சாரல் விழத் தொடங்கிவிட்டால், தென்காசிப் பக்கம் சொந்தக்காரர் இருக்கும் வெளியூர்க்காரர்கள் போன் போட்டு இரண்டு கேள்விகள் கேட்பார்கள். "தண்ணி நல்லா விழுதா?" என்பது ஒன்று. "எங்க சாப்பிட்டா நல்லா இருக்கும்?" என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குச் செய்தித்தாளும் தொலைக்காட்சியும் அன்றாடம் பதில் சொல்லிவிடுகின்றன. இரண்டாவது கேள்விக்குப் பல காலமாக ஒரே பதில்தான்: "பார்டர் கடைக்குப் போங்க." அது தவறான பதில் அல்ல. ஆனால் போதாத பதில்.

பொதிகை மலையடிவாரத்தில் பல சமையல் மரபுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வாழ்கின்றன. நெல்லைச் சைவச் சமையல், முஸ்லிம் வீடுகளின் இறைச்சிச் சமையல், திருவிதாங்கூர் வழி வந்த தேங்காயெண்ணெய்ச் சமையல், கரிசல் பக்கத்து உழவர் சாப்பாடு என்று அந்த வரிசை நீளும். குற்றாலத்துக்கு வந்து போகிறவர்களின் இலையில் இதில் மிகச் சிறிய பங்குதான் விழுகிறது. ஏன் அப்படி, எந்த இடத்தில் எதைச் சாப்பிடுவது, நிலைமை மாற என்ன செய்யலாம் என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சீசன் என்னும் கணக்கு

குற்றாலத்து ஓட்டல்களைப் புரிந்துகொள்ள முதலில் அருவியைப் புரிந்துகொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழையை நம்பி ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓடுவது பெரிய சீசன். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி எல்லாவற்றிலும் கூட்டம் நெரியும். அடுத்தது ஐயப்ப சீசன். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்களும் திரும்புகிறவர்களும் குற்றாலத்தில் குளித்துவிட்டுச் செல்வார்கள். வடகிழக்குப் பருவமழையால் அப்போதும் அருவியில் தண்ணீர் இருக்கும். மாலை போட்டவர்கள் அசைவம் தொட மாட்டார்கள் என்பதால் அந்த நாட்களில் சைவ ஓட்டல்களில்தான் கூட்டம். இட்லிக் கொப்பரை ஓயாமல் ஆவி விடும்; கோழிக் கடைகள் அடங்கி நடக்கும்.

இந்த இரண்டு சீசனையும் கழித்தால் ஆண்டில் ஏறக்குறையப் பாதி நாள் ஊர் காலியாகக் கிடக்கும். அருவிக்கரைக் கடைக்காரருக்கு ஏலத்தொகை, கடை வாடகை, வெளியூரிலிருந்து கூட்டி வந்த மாஸ்டர் சம்பளம் எல்லாம் சில மாத வியாபாரத்தில் தேறியாக வேண்டும். மேலே மழை கொட்டி அருவியில் வெள்ளம் வந்தால் குளிக்கத் தடை போடுவார்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் ஒரு சிறுவனை அடித்துச் சென்றதை இந்த ஊர் மறக்கவில்லை. உயிரைக் காக்கும் அந்தத் தடை வேண்டியதுதான். ஆனால் தடை போட்ட நாளில் ஆட்டிய மாவும் வெட்டிய கோழியும் அப்படியே நிற்கும். அந்த நஷ்டத்தை அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டப் பார்ப்பார்கள்.

இன்று வந்தவர் நாளை வரப்போவதில்லை என்ற எண்ணத்தில் நடக்கும் வியாபாரத்தில் ருசிக்கும் விலைக்கும் கட்டுப்பாடு குறைவு. தென்காசியில் அன்றாடம் வந்து சாப்பிடும் வாடிக்கையாளர் சாம்பார் நீர்த்துப்போனால் மறுநாளே கேட்பார். அருவிக்கரையில் கேட்க ஆள் இல்லை. எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்கு அடிப்படை விதி இதிலிருந்தே கிடைக்கிறது: ஊர்க்காரர் ஆண்டு முழுவதும் சாப்பிடும் கடையைத் தேடுங்கள்.

அருவிக்கரை: சாப்பாட்டுக்கு அல்ல, கொறிப்பதற்கு

இந்த விதியை வைத்து அருவிக்கரையை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அங்கே எதைச் சாப்பிடுவது என்று தெரிந்தால் போதும். அரைமணி நேரம் அருவியில் நின்றுவிட்டு நடுங்கிக்கொண்டு வெளியே வருகிறவருக்கு உடனடியாக வேண்டியது சூடு. கண் முன்னே எண்ணெயிலிருந்து எடுத்துப் போடும் மிளகாய் பஜ்ஜியும் வாழைக்காய் பஜ்ஜியும் அப்போது தேவாமிர்தம்தான். பேரருவிக்குப் போகும் வழியில் நேந்திரங்காயை நேரே கொதிக்கும் எண்ணெயில் சீவிப் போட்டுச் சிப்ஸ் பொரிப்பார்கள். பாக்கெட்டில் அடைத்துத் தொங்குவதை விட்டுவிட்டு, சட்டியிலிருந்து அரித்து எடுப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

பஜ்ஜி வாங்கும்போது பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று எண்ணெயின் நிறம். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் நச்சுக் கூறுகள் சேர்கின்றன. அவை 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை முதல் நாடு முழுவதும் இருக்கிறது. அளக்கும் கருவி நம் கையில் இல்லாவிட்டாலும் கண் இருக்கிறது. எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அடுத்த கடைக்கு நடந்துவிடலாம். மற்றொன்று, பஜ்ஜி வைத்துத் தரும் காகிதம். அச்சு மை உணவில் ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் தின்பண்டம் மடித்துத் தரக் கூடாது. வாழையிலைக்குப் பஞ்சம் இல்லாத ஊரில் இலை நறுக்கில் கேட்டு வாங்குவது சுலபம். சிவப்புச் சாயம் ஏறிய வறுவல்களையும் தவிர்ப்பது நல்லது. பஞ்சு மிட்டாயில் ரோடமின்-பி என்ற சாயம் கலந்திருந்ததைக் கண்டறிந்து 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்குத் தடை விதித்தது. சாயத்தைப் பற்றிய கவனம் மிட்டாயோடு நின்றுவிடக் கூடாது.

அருவிக்கரையின் உண்மையான சிறப்பு பழங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலேயே இந்த மலையில் ஜாதிக்காய், கிராம்பு போன்ற நறுமணப் பயிர்களை வைத்துப் பார்த்தார்கள். அந்த ஈர மண்ணில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் துரியனும் விளைகின்றன. கேரளத்திலிருந்து வருவதும் சேர்ந்துகொள்ளும். மங்குஸ்தானை வாங்கும்போது பெருவிரலால் அமுக்கிப் பாருங்கள். தோல் இலேசாக விட்டுக்கொடுத்தால் நல்ல பழம். கல் மாதிரி இருந்தால் நாள்பட்டது. பழத்தின் அடியில் சின்னப் பூப்போல ஓர் அடையாளம் இருக்கும். அதில் எத்தனை இதழோ, உள்ளே அத்தனை சுளை. சுளை கூடுதலாக இருந்தால் ஒவ்வொன்றும் சிறிதாகவும் கொட்டை இல்லாமலும் இருக்க வாய்ப்பு அதிகம். துரியனைப் பிள்ளைப்பேற்றுக்கு என்று சொல்லி அதிக விலைக்கு விற்பார்கள். அதை மருந்தாக நம்பி வாங்க வேண்டாம். ருசி பிடித்தால் பழமாக வாங்கிச் சாப்பிடலாம்.

பிரானூர் பார்டர்: புகழும் அதன் காரணமும்

தென்காசியிலிருந்து செங்கோட்டைக்குப் போகும் சாலையில் இருக்கிறது பிரானூர் பார்டர். 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை தமிழ்நாட்டோடு சேரும்வரை அது திருவிதாங்கூர்ப் பகுதி. எல்லை இந்த இடத்தில் இருந்தது. எல்லை நகர்ந்து புளியரைக்கு அப்பால் போன பிறகும் பெயர் போகவில்லை. எல்லையில் வண்டி நிற்கும், வண்டி நின்றால் ஆள் இறங்குவான், இறங்கியவனுக்குப் பசிக்கும். லாரிக்காரர்களும் மரவியாபாரிகளும் உண்டு வளர்த்த சாலையோரச் சாப்பாடு இது. ரஹ்மத் கடை அதில் பேர்போனது. இன்று அந்தச் சாலையிலும் குற்றாலத்திலும், ஏன் சென்னை வரையிலும், 'பார்டர்' என்ற பெயரில் கடைகள் பெருகிவிட்டன.

இந்தப் புரோட்டாவுக்கு ஏன் இவ்வளவு பேர் என்று கல்லுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் விளங்கும். பிசைந்த மைதா உருண்டைகள் எண்ணெயில் ஊறிக் கிடக்கும். மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தட்டி, மேசையில் வீசி, மேசை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக்கி, மடித்துச் சுருட்டி வைப்பார். சுருட்டியது கொஞ்சம் ஆறிய பிறகே தட்டிக் கல்லில் போடுவார். இரண்டு பக்கமும் சிவந்ததும் நாலைந்தை ஒன்றாக அடுக்கி, இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் ஓங்கி அடிப்பார். அந்த அடியில்தான் அடுக்குகள் பிரியும். இங்கே புரோட்டாவின் அளவு சிறியது. ஆகவே ஒருவர் நாலைந்து வாங்கி, இலையில் பிய்த்துப் போட்டு, சால்னாவை மேலே ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிடுவார். கூடவே நாட்டுக்கோழி, காடை, பிச்சுப்போட்ட கோழி. பொரித்த கோழியை நாராகப் பிய்த்து, சின்ன வெங்காயமும் மிளகாயும் மிளகும் போட்டுக் கல்லில் புரட்டி எடுப்பது பிச்சுப்போட்ட கோழி.

போக வேண்டிய நேரம் முக்கியம். சனி, ஞாயிறு மதியம் நாற்காலிக்குப் பின்னால் அடுத்தவர் நிற்க, அவசரமாக அள்ளிப் போட்டுக்கொண்டு எழ வேண்டியிருக்கும். வார நாளில், கூட்டம் ஏறுவதற்கு முன்னால் போனால் புரோட்டா கல்லிலிருந்து நேரே இலைக்கு வரும். கோழி விலையை முன்கூட்டியே கேட்டுக்கொள்வதும், எந்தப் பெயர்ப்பலகை கொண்ட கடையானாலும் எந்தக் கடையில் உள்ளூர் இருசக்கர வண்டிகள் நிற்கின்றன என்று பார்ப்பதும் பழுதில்லாத வழி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காலையில் புரோட்டா, மதியம் புரோட்டா, இரவும் புரோட்டா என்று மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அவர்கள் இந்த வட்டாரத்துச் சமையலில் ஒரு வாசலைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

தென்காசி: ஆண்டு முழுவதும் அடுப்பு எரியும் ஊர்

குற்றாலத்திலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரில் தென்காசி. 2019 நவம்பர் 22 முதல் இது மாவட்டத் தலைநகர். அலுவலகம், நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, காசி விசுவநாதர் கோயில் என்று எல்லாவற்றுக்கும் தினமும் ஆள் வருகிறது. ஆகவே இங்குள்ள ஓட்டல்கள் சீசனை மட்டும் நம்பி நடப்பவை அல்ல. காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் குற்றாலத்தைவிடத் தென்காசி நம்பகமானது என்பது அதனால்தான். தேங்காய் தாராளமாகக் கிடைக்கிற ஊர் என்பதால் சட்னியில் அது தெரியும். மதியம் சாம்பார், ரசத்தோடு அவியல் வைக்கும் ஓட்டலைக் கண்டால் அங்கே உட்காருங்கள். தேங்காயும் சீரகமும் பச்சை மிளகாயும் அரைத்துத் தயிர் விட்டு இறக்கிய அவியல் நன்றாக இருக்கும் கடையில் மற்றவையும் நன்றாகவே இருக்கும்.

தென்காசியிலும் கடையநல்லூரிலும் முஸ்லிம் மக்கள் அதிகம். அவர்கள் வீட்டு விசேஷங்களில் மணக்கும் நெய்ச்சோறும் தாளிச்சாவும் கடைத்தெருவில் அபூர்வமாகவே கிடைக்கின்றன. அழைப்பு வந்தால் விட்டுவிடாதீர்கள். பிரியாணிதான் வேண்டும் என்பவர்கள் சங்கரன்கோவில் வரை போவார்கள்; சுல்தான் பிரியாணியின் பெயர் இந்த மாவட்டம் தாண்டியும் பரவியிருக்கிறது. அல்வாவுக்கு மட்டும் பொறுமை வேண்டும். குற்றாலத்தில் அடுக்கி வைத்திருக்கும் டப்பாக்களைவிட, திரும்பும் வழியில் திருநெல்வேலியில் இறங்கிச் சுடச்சுட இலையில் வாங்கித் தின்பதே முறை.

செங்கோட்டையும் மலைக்கு அப்பாலும்

மேற்கே போகப் போகத் தேங்காயெண்ணெய் வாசம் கூடும். செங்கோட்டையில் டீக்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பழம்பொரி தென்படும். புட்டும் கடலைக்கறியும் இங்கே விருந்தாளிப் பண்டம் அல்ல, அன்றாடக் காலை உணவு. புளியரை தாண்டி மலை ஏறி ஆரியங்காவு போய்விட்டால் கேரளச் சாப்பாடு: மட்டை அரிசிச் சோறு, கப்பையும் மீன்கறியும், பதிமுகம் போட்டுக் கொதிக்கவைத்த இளஞ்சிவப்புத் தண்ணீர். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் இரண்டு மாநிலச் சமையலைச் சாப்பிட்டுப் பார்க்க முடிவது இந்த வட்டாரத்துக்கு வாய்த்த பேறு. மலைவழி செல்கிறவர்கள் இருட்டுவதற்கு முன் திரும்பிவிடும்படி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இலைக்கு வராத சமையல்

இப்போது கட்டுரையின் நடுவான விஷயத்துக்கு வருகிறேன். நெல்லை, தென்காசி மண்ணின் சிறந்த சாப்பாடு எது என்று இங்கே பிறந்து வளர்ந்த எவரைக் கேட்டாலும் சொதி, கூட்டாஞ்சோறு, உளுந்தஞ்சோறு என்பார். இந்த மூன்றையும் குற்றாலத்தில் ஒரு வெளியூர்க்காரர் நினைத்த நாளில் வாங்கிச் சாப்பிட முடியாது என்பதுதான் பெரிய குறை.

சொதி கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்து. மாப்பிள்ளைச் சொதி என்றே சொல்வார்கள். தேங்காயைத் துருவி மூன்று முறை பால் எடுக்க வேண்டும். நீர்த்த பாலில் காய்களை வேகவைத்து, வெந்த பாசிப்பருப்பும் இஞ்சி, பச்சை மிளகாய் அரைத்த சாறும் சேர்த்து, கெட்டியான முதல் பாலைக் கடைசியில் ஊற்றி நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கொதித்தால் திரிந்துவிடும். எலுமிச்சையை அடுப்பை விட்டு இறக்கிய பிறகுதான் பிழிய வேண்டும். தேங்காய்ப்பால் மந்தம் தட்டாமல் இருக்கக் கூடவே இஞ்சிப் பச்சடி. தோலோடு உடைத்த உளுந்தும் அரிசியும் பூண்டும் வெந்தயமும் தேங்காயும் சேர்த்துப் பொங்கும் உளுந்தஞ்சோற்றுக்கு எள்ளுத் துவையல். பருப்பும் அரிசியும் நாட்டுக் காய்களும் முருங்கைக்கீரையும் ஒரே பானையில் வேகும் கூட்டாஞ்சோற்றுக்குப் பொரித்த வடகம்.

ஏன் இவை கடைக்கு வரவில்லை? சொதியை முன்கூட்டிச் செய்து அடுப்பிலேயே சூடாக வைத்திருக்க முடியாது. கூட்டாஞ்சோறு ஆறினால் இறுகிவிடும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத சீசன் கடைக்கு இது கட்டாது. புரோட்டா மாவோ காத்திருக்கும். ஆள் வந்ததும் வீசலாம். வியாபாரக் கணக்கு சமையலைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

குற்றாலத்துக்கு வேறு மாதிரி ஒரு விருந்து மரபும் இருந்தது. ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் 1954இல் மறையும்வரை குற்றாலத்தில் அவர் வீடு எழுத்தாளர்களுக்கும் ரசிகர்களுக்கும் திறந்தே இருந்தது. ராஜாஜி, கல்கி போன்றவர்கள் வந்து தங்கினார்கள். கம்பன் பாட்டும் அருவிக் குளியலும் வீட்டுச் சாப்பாடும் சேர்ந்ததுதான் அவர்கள் அறிந்த குற்றாலம். அந்த வீட்டுச் சாப்பாடு எல்லா விருந்தாளிக்கும் கிடைக்கும்படி செய்வது இன்று நம் பொறுப்பு.

சுந்தரபாண்டியபுரம்: பூவைப் பார்க்க வருகிறவருக்குச் சோறு

அதற்கு ஏற்ற இடம் சுந்தரபாண்டியபுரம் என்பது என் உறுதியான எண்ணம். வயல், குளம், அக்ரகாரத் தெரு, பாறைக்குன்று எல்லாம் கூடிய இந்த ஊரை 1992இல் வெளிவந்த 'ரோஜா' படம் நாடறியச் செய்தது. 2005இல் வந்த 'அந்நியன்' பாட்டுக்காக வண்ணம் தீட்டிய பாறையைப் பார்க்க இன்னும் ஆள் வருகிறது. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் குடும்பம் குடும்பமாக வண்டியில் வந்து இறங்குகிறார்கள். படம் எடுத்துக்கொள்கிறார்கள். பசித்ததும் வண்டியைத் திருப்பிக்கொண்டு குற்றாலத்துக்கோ பிரானூருக்கோ போய்விடுகிறார்கள். ஊருக்கு மிஞ்சுவது மிதிபட்ட வரப்பும் தண்ணீர் பாட்டிலும்தான்.

இங்கே சாப்பாட்டுக்கு வழி செய்தால் கணக்கு மாறும். பூக்காலம் சில வாரங்கள்தான். பெரிய ஓட்டல் கட்டத் தேவையில்லை. அரிசியும் காயும் தேங்காயும் சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். பாவூர்ச்சத்திரம் காய்கறிச் சந்தை பக்கத்தில் இருக்கிறது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் சனி, ஞாயிறுகளில் முன்பதிவு வாங்கி, எத்தனை பேர் என்று தெரிந்துகொண்டு சமைத்தால் சொதியும் திரியாது, கூட்டாஞ்சோறும் இறுகாது. எண்ணிக்கை தெரியாததுதான் இந்தச் சமையலைக் கடைக்கு வரவிடாமல் தடுத்தது. முன்பதிவு அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. வயலுக்குச் சொந்தக்காரரும் அதில் பங்குதாரராக இருந்தால் வரப்பையும் காப்பாற்றிக்கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை

உலகத்தில் சாப்பாட்டுக்காகவே மக்கள் போகும் சுற்றுலா நகரங்கள் உண்டு. மொராக்கோவின் மராகேஷ் அதில் ஒன்று. அங்குள்ள ஜமா அல்-ஃபனா சதுக்கத்தில் பொழுது சாய்ந்ததும் சாப்பாட்டுக் கடைகள் விரியும். ஒவ்வொரு கடைக்கும் எண் உண்டு. நல்ல சாப்பாடு கிடைத்தாலும் குறை இருந்தாலும் எண்ணைச் சொன்னால் போதும். அந்த நகரத்தின் பேர்போன தஞ்சியா என்னும் இறைச்சிப் பண்டத்தை மண்ஜாடியில் அடைத்து, பொதுக் குளியலறைக்குத் தண்ணீர் காய்ச்சும் உலையின் சாம்பலில் மணிக்கணக்காகப் புதைத்து வேகவைப்பார்கள். குளியலும் சாப்பாடும் ஒன்றோடொன்று பிணைந்த ஊர் அது. குற்றாலமும் அப்படிப்பட்ட ஊர்தான். தன் வீட்டுப் பண்டத்தை ஊரின் அடையாளமாக முன்னால் வைத்ததில்தான் மராகேஷ் நம்மை முந்திவிட்டது.

நம்மால் முடியாதது இதில் எதுவும் இல்லை. குற்றாலத்தில் ஏலம் விடும் ஒவ்வொரு சாப்பாட்டுக் கடைக்கும் எண் கொடுத்து, விலைப்பட்டியலையும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணையும் வாசலில் எழுதச் சொல்லலாம். ஆண்டுதோறும் அரசு நடத்தும் சாரல் விழாவில் வட்டாரச் சமையலுக்கென்று ஒரு நிலையான பந்தல் போடலாம். சொதி ஒரு நாள், உளுந்தஞ்சோறு ஒரு நாள், நெய்ச்சோறு ஒரு நாள் என்று முறை வைத்து உள்ளூர்ப் பெண்களின் கையால் பரிமாறலாம். அரசின் ஓட்டல் தமிழ்நாட்டில் வாரம் ஒரு மதியமாவது இந்தச் சாப்பாட்டை வைக்கலாம். தனியார் ஓட்டல்கள் விற்பனையைப் பார்த்துத் தாமே தொடரும்.

அதுவரை வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். காலை டிபனும் மதியச் சாப்பாடும் தென்காசியில். குளித்து எழுந்ததும் அருவிக்கரையில் சூடான பஜ்ஜியும் பழமும். ஓர் இரவு மட்டும் பிரானூரில். ஒரு காலை செங்கோட்டையில் புட்டு. இந்தப் பக்கம் சொந்தமோ சிநேகிதமோ இருந்தால் கூச்சப்படாமல் கேளுங்கள்: "மதினி, ஒருநா சொதி வைப்பீங்களா?" சந்தோஷமாக வைப்பார்கள். ஓட்டலிலும் விடாமல் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் முதலாளி யோசிப்பார். நூறு பேர் கேட்டால் அடுப்பில் வைப்பார்.